கஸ்பரின் வடக்கு எல்லை

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்ட கையோடு கஸ்பர் திரும்பிப் பார்ப்பது இறந்தவரின் பிள்ளைகளைத்தான். மூத்தவன் யார், எவரோடு எவருக்குப் பேச்சில்லை, யாருக்கு வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும். மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் வரும்போது மூத்தவன் பக்கத்தில் போய் நிற்பார். "அம்மா நல்ல மனுசி, தம்பி. உங்கட வளவுக் கிணத்துத் தண்ணி மாதிரி நான் எங்கையும் குடிச்சதில்லை" என்பார். லண்டனில் பிறந்த பிள்ளைக்குக் கிணறும் தெரியாது, வளவும் தெரியாது. மரியாதைக்குத் தலையை ஆட்டும். "ஆமி அந்தக் காணியை விட்டுட்டான், தெரியுமோ?" என்பது அடுத்த வசனம்.

கிழக்கு லண்டனில் அவர் தலைகாட்டாத செத்தவீடு இல்லை. சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமும் பார்ப்பதில்லை. எல்லாச் சாவுக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. நடுப்பொத்தான் விழுந்த இடத்தில் ஊசி குத்தியிருப்பார். புரோக்கர் என்று யாரும் சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "நான் விக்கிறேல்லை, அண்ணை. கைமாத்தி விடுறன்" என்று திருத்துவார்.

அவர் கைமாற்றுவது முழுக்க யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் கடலோரக் காணிகள். தொண்ணூறாம் ஆண்டு சனம் உடுத்த உடுப்போடு ஓடிய இடம் அது. இராணுவம் முட்கம்பி அடித்து உள்ளே இருந்துகொண்டது. கம்பிக்குள் கிடந்தவரைக்கும் அந்தக் காணியைச் சும்மா கொடுத்தாலும் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. துண்டு துண்டாக விடத் தொடங்கியதும் கனடாவும் சுவிஸும் முந்திக்கொண்டு விலை கேட்கின்றன. கடல் தெரிகிறதா என்று ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்கள். இத்தனை காலம் அகதி முகாமில் குந்தியிருந்து திரும்பிய மீன்பிடிக்காரன், மகளுக்கென்று பக்கத்தில் ஒரு துண்டு வாங்கப் போனால் விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறான். முன்பு கம்பி மறித்தது. இப்போது விலை மறிக்கிறது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, கஸ்பரின் முகத்துக்கு நேரேயே சொல்லியும் இருக்கிறேன். "விலையை நானே ஏத்தினனான்? சனம் ஏத்துது" என்று ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

இவ்வளவு காணியைக் கைமாற்றியவருக்குச் செவன் கிங்ஸில் வாடகைக்கு ஓர் அறை, அவ்வளவுதான். குடும்பமில்லை. சொந்தமென்று உள்ளது தகப்பன் விட்டுப்போன ஒரேயொரு காணி. அது கம்பிக்குள் கடைசிவரை கிடந்து, போன வருடந்தான் வெளியே வந்தது. "என்ரயை மட்டும் கைமாத்த மாட்டன். ரெண்டு அறை கட்டிப்போட்டுப் போயிருக்கப் போறன். வாடகை குடுக்காத இடத்தில சாகவேணும், அண்ணை." சாவைப் பற்றி அவர் தொழிலில்லாமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் காணிதான் இப்போது காணாமற் போயிருக்கிறது. எங்களுடைய பழைய காணி உறுதிப் பத்திரங்களில் வரைபடம் கிடையாது. எல்லையென்று எழுதியிருப்பது ஆட்களின் பெயர். கிழக்கே ஒழுங்கைப் பாதை, வடக்கே லூர்தம்மாவின் காணி, தெற்கே ஒருவருடையது, மேற்கே இன்னொருவருடையது. வீடு, வேலி, ஒழுங்கை எல்லாவற்றையும் இராணுவத்தின் புல்டோசர் ஒரே வெளியாக்கிவிட்டது. சுற்றியிருந்த மூன்று காணிகளையும் ஒரு ஹோட்டல் கம்பனிக்குக் கைமாற்றியவரும் கஸ்பரேதான். கம்பனி தன் மதிலை அவருடைய நிலத்தையும் உள்ளடக்கி எழுப்பிவிட்டு, "உங்கட துண்டு எது, காட்டுங்கோ" என்கிறது. எதைக் காட்டுவார்? ஊர்ச் சனத்தின் பெயர்தான் தன் வேலி என்பது, ஒவ்வொரு பெயராகக் கைமாற்றி விட்டபோது இந்த மனிதருக்கு உறைக்கவேயில்லை.

பக்கத்துக் காணியில் வாழ்ந்த ஒருவராவது எல்லையைச் சொல்லிக் கையெழுத்து வைத்தால் வழக்குப் போடலாம் என்றார் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி. தெற்கும் மேற்கும் செத்துப்போயின. வடக்கு மட்டும் ஹவுன்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உயிரோடு இருந்தது. சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் லூர்தம்மாவின் மகன் றஜீவன் நின்றான். தாயின் அதிகாரப் பத்திரத்தை வைத்துக் காணியை விற்றவன் அவன். விற்றுக் கொடுத்தது கஸ்பர். தாயிடம் இருவருமே மூச்சுவிடவில்லை. காணி விட்ட செய்தி தெரிந்தால் ஊருக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருப்பார். "அம்மாவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது, அங்கிள். பாத்துக் கதையுங்கோ" என்றான்.

லூர்தம்மா கட்டிலில் இருந்தார். கூரைக்கு மேலே விமானம் இறங்கும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சத்தம் போனதும் நிமிர்ந்தார். கஸ்பரை உடனே அடையாளம் கண்டுவிட்டார்.

"மாமி, உங்கட தெற்கு வேலி எதில முடியிறது?"

"வேலியோ? கிணத்தடியில இருந்து நேர போய், உன்ர அப்பர் நட்ட பூவரசில முட்டும். பூவரசு உங்கட பக்கம். இலை எங்கட முற்றத்தில கொட்டுது எண்டு நான் அவரோட சண்டை பிடிச்சனான்." அவர் கண் பளிச்சென்றிருந்தது. "கிணத்துக் கட்டை ஆமி உடைச்சாலும் கிணறு எங்க போறது? அதில இருந்து அளந்தாச் சரி."

இவ்வளவும் போதும். கஸ்பரின் கை கோட்டின் உள்பைக்குள் போனது. அங்கே இருந்த சாட்சித் தாளின் முதல் வரி, 'இராணுவத்தினால் விடுவிக்கப்பட்ட எனது காணி' என்று தொடங்குகிறது. லூர்தம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார்.

"ஏன் கேக்கிறாய், தம்பி?" என்றார். கஸ்பர் கையை உள்பைக்குள்ளேயே வைத்திருந்தார். "ஆமி விட்டுட்டானோ?"

கேட்டுக்கொண்டே கால்களைக் கீழே இறக்கி, ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் தேடி அதையும் மாட்டிவிட்டார். "விட்டுட்டான் என்ன? சொல்லு. றஜீவன், என்ர சுவெட்டரை எடு." றஜீவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த அறையில் நிற்கவே வெட்கமாயிருந்தது.

"இல்லை மாமி" என்றார் கஸ்பர். "இன்னும் விடேல்லை. சும்மாதான் கேட்டனான்."

"மெய்யாவோ?"

"ஓம், மாமி. மெய்."

"விட்டா முதல் எனக்குத்தான் சொல்லவேணும்."

"ஓம்."

உள்பைக்குள் இருந்த கை வெறுமையாக வெளியே வந்தது. அவர் முழங்காலைக் குத்தி இருந்து, லூர்தம்மாவின் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். பிறகு குனிந்து செருப்பு இரண்டையும் கட்டிலுக்கு அடியில், கால் எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டார்.