நற்கருணைக்குப் பேர் கொடுத்த சனிக்கிழமை

எஸ்றா அண்ணாச்சியைப் போல ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற மனுஷனை நாசரேத் வட்டாரத்தில் பார்க்க முடியாது என்று என் அம்மா சொல்வாள். அது உண்மைதான். தூத்துக்குடி புது ஹார்பரில் அவர் சிக்னல்மேன். நான், செல்வதுரை, கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே கோயில். வாரம் முழுக்கத் தூத்துக்குடியில் ஒரே அறையில் தங்குவோம். சனிக்கிழமை நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவோம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டுமானால் முந்தின நாள் ஆயத்த ஆராதனைக்கு வந்து ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பேர் கொடுக்காதவன் மறுநாள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். ஊரே அவனைத் திரும்பிப் பார்க்கும். எஸ்றா அண்ணாச்சி இருபத்திரண்டு வருஷமாக ஒரு மாதம்கூடப் பேர் கொடுக்கத் தவறியதில்லை. அதை நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் தவறியதில்லை.

எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவருடைய கனத்த குரல்தான் முன்னால் போகும். சபை பின்னாலேயே வரும். சின்ன வயதிலிருந்து அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் பாவங்களை அறிக்கையிட்டு வந்தேன். என்ன பாவம் என்று அவரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை.

எழுபத்தாறு நவம்பர், முதல் சனிக்கிழமை. உரக் கப்பல் ஒன்று வந்திருந்தது. கப்பலின் அடி அறையில் ஆட்கள் மூட்டைகளை அடுக்கிக் கயிற்றில் மாட்டுவார்கள். மேலே வின்ச் அதைத் தூக்கும். வின்ச் ஓட்டுகிறவனுக்கு அடியில் நடப்பது தெரியாது. விளிம்பில் நிற்கிற சிக்னல்மேன் எட்டிப் பார்த்து, ஆட்கள் ஒதுங்கிய பிறகு கையை உயர்த்த வேண்டும். கை உயர்ந்தால் சுமை உயரும். அவ்வளவுதான் அவர் வேலை.

மணி நாலைத் தாண்டிவிட்டது. கடைசிச் சுமை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "ஏலே செல்வதுரை, பையை எடுத்து வச்சிட்டியா? இந்தப் பஸ்ஸ விட்டா ஆராதனை முடிஞ்சிரும்" என்றார். அப்படி என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினார். கீழே எட்டிப் பார்க்கவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் சங்கரபாண்டியன், ஓட்டப்பிடாரத்துக்காரன், கயிற்றின் ஒரு முனையை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தான். சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. மூட்டைகள் சரிந்து அவன் மேல் விழுந்தன. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை.

சரக்கிறக்கும் கம்பெனி அதிகாரி மேலே ஏறி வந்து கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருந்தானா?" சங்கரபாண்டியன் ஒரு காலத்தில் குடிகாரன் என்பது ஹார்பரில் எல்லாருக்கும் தெரியும். விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதும் தெரியும். எஸ்றா அண்ணாச்சி ஆமாம் என்று தலையாட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். "நான் டாலி எழுதிக்கிட்டிருந்தேன் சார், கவனிக்கல" என்றேன்.

நாலரை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனோம். ஆராதனை முடிந்திருந்தாலும் ஐயர் பேர் எழுதுகிற நோட்டை மூடியிருக்கவில்லை. பேர் கொடுத்தோம். மறுநாள் பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டுக் கையை நீட்டினோம். அண்ணாச்சியின் கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை. என் கையும் நடுங்கவில்லை.

மறு வருஷம் ஆகஸ்டு பிறந்து இரண்டாம் நாள் சாயங்காலம் சங்கரபாண்டியன் மனைவி செண்பகம் எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். அவன் போன பிறகு உப்பளத்தில் உப்புச் சுமக்கிறாள். பாதமெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அவரு அன்னைக்கு நெசமாவே குடிச்சிருந்தாரா?"

அண்ணாச்சி அவள் பாதத்தைப் பார்த்தார்.

"எங்க முத்துக்கனி தலையில கை வச்சு, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. சத்தியத்த மீறுனா பிள்ளைக்குல்லா ஆகாது. மூணு மாசமா அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கி. அவரு படத்த எடுத்துப் பெட்டிக்குள்ள கவுத்திப் போட்டுட்டேன். பெத்த பிள்ளைய வாரிக்கிட்டுப் போகவா செத்தீருன்னு தெனமும் ஏசுதேன். வருஷ திதி வருது. கும்பிடவா வேண்டாமான்னு தெரியல."

"அங்கன நின்னவங்க சொன்னாவ, தாயி. எனக்குச் சரியாத் தெரியாது" என்றார் அண்ணாச்சி. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கடையில் வாங்கி வைத்திருந்த இட்லியை அவர் தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அந்த வாரமும் சனிக்கிழமை போய்ப் பேர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் பாதி வரைக்கும் அவர் குரல் போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. சபைக்கு எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான்தான் சத்தத்தைக் கூட்டி முடித்து வைத்தேன். எல்லாரும் பீடத்துக்குப் போனபோது எஸ்றா அண்ணாச்சி பெஞ்சில் இருந்தார். அவர் மனைவி ஞானபாய் அவமானத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார். ஐயர் நல்ல மனுஷன், பதறிப்போனார். "எஸ்றா, ஆண்டவர் மன்னிக்கிறவர். அவர் பாதத்துல வச்சிரும். இனி ஆபீசுக்கும் அந்த வீட்டுக்கும் போயி என்ன ஆகப்போவுது? நீர் பிள்ளைகுட்டிக்காரர்."

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் ஐயரே. அவளுக்குத்தான் தெரியாது."

திரும்புகிற பஸ்ஸில் அவராகவே பேசினார். "நாங்கள்லாம் பாவிங்கன்னு இருவத்திரெண்டு வருஷமா சத்தம் போட்டுச் சொன்னேன். எஸ்றா பாவின்னு ஒரு நாளும் சொல்லல. இன்னைக்கு வாய்க்குள்ள சொன்னேன். சொன்னதும் பக்கத்துல ஆள் நிக்க மாதிரி இருந்துச்சு, செல்வதுரை. பயந்துட்டேன். இத்தன வருஷம் ஆண்டவரு வீட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கேன், அவர ஒருநாளும் பார்க்கல. என்னத் தெரிஞ்ச பொறவும் அவரு போயிரல. இனி நான்தான் செண்பகத்துக்கிட்ட போவணும்." நான் ஜன்னல் வழியே உடைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் உப்பளத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மற்றப் பெண்கள் கேட்கும்படியாகவே சொன்னார். "அவரு குடிக்கல, தாயி. நான் கீழ பார்க்காமக் கையத் தூக்குனேன். பஸ்ஸுக்கு அவசரம். குடிச்சிருந்தானான்னு கேட்டதுக்குத் தலைய ஆட்டுனேன்."

செண்பகம் உப்புக் கடகத்தை இறக்கி வைத்தாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒம்பது மாசம் ஏசிட்டனே" என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவும் இல்லை. எழுந்து கடகத்தை எடுத்துக்கொண்டு, "போங்க. இனி என் கண்ணுல படாதிய" என்றாள்.

அண்ணாச்சி கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தார். இவருக்கு மதப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பைத்தியத்தின் பேச்சை வைத்து விசாரணைக் காகிதத்தைத் திருத்த முடியாது என்றார்கள். மேலே நின்றவர் வேறு யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர் என் பேரைச் சொல்லவில்லை. அறையைக் காலி செய்த அன்று, "அது நீயே சொல்ல வேண்டியது" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நாற்பத்தெட்டு வயதில், செண்பகத்தின் கண்ணில் படாத வேறொரு உப்பளத்தில் அவரும் உப்புச் சுமக்கப் போனார். மூத்த மகளுக்கு நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ஞானபாய் அவரோடு பேசுவதை விட்டாள். கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். கண் உப்பில் சிவந்திருக்கும், கை வெடித்திருக்கும். முகம் மட்டும் தெளிந்துபோயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. சபையில் பாவ அறிக்கைக்கு முன்னால் போவது இப்போது என் குரல்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. பஸ்ஸைவிட்டு இறங்கிக் கோயில் வாசலுக்கு வந்தால், செண்பகம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை மெலிந்துபோய், கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்களும் மேலதான நின்னிய? ஒரு வரி எழுதித் தந்தா, குடிச்சிட்டுச் செத்தான்னு எழுதியிருக்கத அடிச்சிருவாவளாம். நாளைக்கு இவ படிச்சுப் பார்த்தா எங்கய்யா இப்படியான்னு நினைக்கப்படாதுல்லா."

உள்ளே கடைசிப் பெஞ்சிலிருந்து எஸ்றா அண்ணாச்சி எங்களைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"நான் டாலி எழுதிக்கிட்டிருந்தேன்மா. கவனிக்கல."

"சரி, அண்ணாச்சி" என்றாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். ஆராதனைக்கு மணி அடித்தது. ஐயர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் உள்ளே போய்ப் பேர் கொடுத்தேன்.