அம்மா மறுபடியும் ஏறிய பஸ்

முதல் சம்பளம் வந்த அன்றே அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், பிள்ளை படித்து ஆபிசில் உட்கார்ந்துவிட்டால் தாய் ஃபேக்டரிக்குப் போகக் கூடாது. போனால் பிள்ளைக்குக் கேவலம். அப்பாவும் உயிரோடு இல்லை. இத்தனை வருடம் அம்மா ஒருத்தியாக உழைத்தது போதும் என்று கையுறைத் தொழிற்சாலைக்கு நானே கூடப் போய், துவைத்து மடித்த சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வரும்போது எனக்குத் திமிராகத்தான் இருந்தது. உழைத்து வாங்கிய திமிர்.

சில வருடங்கள் கழித்து, பிரிக்பீல்ட்சில் நான் கணக்கு வேலை பார்க்கும் நிறுவனத்தின் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக மாற்றுகிறாராம். அலவன்ஸ் கிடையாது, அடிப்படைச் சம்பளமும் குறையும். விலகிப்போன இருவரின் வேலை மட்டும் என் மேசையிலேயே இருக்கும்.

"சேர்ந்தப்ப வாங்கினதவிட கம்மியா இருக்கே சார்."

"வெளிய நெலம தெரியும்ல? டிகிரிய வச்சிக்கிட்டு எத்தன பேரு சாப்பாடு டெலிவரி பண்றான். நம்ம ஆளாச்சேன்னுதான் உன்னை வச்சிருக்கேன்மா. வேற கம்பெனின்னா எப்பவோ தூக்கியிருப்பான் லா."

நம்ம ஆள். சம்பள உயர்வு கேட்டுப் போன போதெல்லாம் அவர் கண்ணுக்கு நான் நம்ம ஆளாகத் தெரிந்ததில்லை. வெட்டும்போதுதான் இனப்பாசம் பொங்குகிறது. போன மாதம் அவர் புதுக் கார் வாங்கியதற்கு நாங்கள்தான் கைதட்டி கேக் சாப்பிட்டோம். வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துப் பார்த்திருந்தேன். எல்லா இடத்திலும் இதே சம்பளம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் குளியலறையில் அதே தொழிற்சாலையின் நீலச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் துணி எப்போதும் வெளி வராந்தாக் கொடியில்தான் காயும்.

"எப்பலேர்ந்து போறீங்க?"

"திங்கக்கெழமலேர்ந்து. பழைய சூப்பர்வைசர்தான், ஓவர்டைம் தரேன்னு சொன்னா."

"இத ஏன் இங்க காயப் போட்டிருக்கீங்க?"

"வெளிய போட்டா ஒன்னத்தான் கேப்பாங்க."

பிறகுதான் மற்றதும் தெரிந்தது. ஃபேக்டரி பஸ் எங்கள் அடுக்குமாடி புளோக் அடியிலேயே நிற்கும். அம்மா அங்கே ஏறாமல், சீருடைக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு பெட்ரோல் நிலையம் வரைக்கும் நடந்து போய் ஏறியிருக்கிறார். என் படிப்புக்கு இழுக்கு வரக் கூடாதாம்.

எனக்கு முதலில் அம்மா மேல்தான் கோபம் வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. ஒளிந்து போக இவர் என்ன திருடினார்? படி என்றார்கள், படித்தேன். வேலை செய் என்றார்கள், இரண்டு பேர் வேலையைச் சேர்த்துச் செய்கிறேன். ஒளிய வேண்டிய ஆள் புதுக் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகிறார்.

மறுநாள் விடியும்போது அம்மாவின் கையைப் பிடித்து புளோக் அடியிலேயே நிறுத்தினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் ஆன்டிக்கு அந்தக் கட்டடத்தின் எல்லாக் கதையும் தெரியும்.

"என்னா ஆபிசரம்மா, தாயார திரும்ப வேலைக்கு அனுப்பிட்டியா?"

"சும்மா வீட்ல போரடிக்குதுன்னு..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"இல்ல ஆன்டி. என் சம்பளத்தக் கொறச்சிட்டாங்க. பத்தல. அதான் போறாங்க."

இதை வாய்விட்டு நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஆன்டி பொட்டலம் மடிப்பதை நிறுத்தினார்.

"எம்மவன் இஞ்சினியர்னு சொல்றேன்ல. ஆபிஸ் முடிஞ்சி லோரி ஓட்டப் போறான். யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஏன் ஆன்டி சொல்லக்கூடாது? நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து மறுபடியும் பொட்டலம் மடித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"மானத்த வாங்கிட்ட. இருபது வருசமா சேத்து வச்சது."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் கொமுட்டர் ரயில் பிடிக்க நடந்தேன். சாயங்காலம் அம்மா பேசமாட்டார் என்று தெரியும். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கும் அங்கேயேதான் நிற்கச் சொல்வேன்.