நின்ற இயந்திரத்தின் நடுக்கம்

விரல் நகம் அளவே உள்ள வெள்ளி ஒட்டுத்தாள். அதன் ஓரத்தில் கிரீஸ் படிந்த ஒரு பெருவிரல் ரேகை. மலேசியாவில் கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், இரண்டாம் எண் பிழிவு இயந்திரத்தின் கியர்பாக்ஸ் மேல் அது இன்னும் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கில் என் லேசர் ஒளி சரியாகத் திரும்பி வரவில்லை என்றதும் ஃபிட்டர் அண்ணன்தான் அதை வெட்டி ஒட்டி அழுத்தினார்.

கியர்பாக்ஸைத் தொடாமலே, சற்றுத் தள்ளி முக்காலியை நிறுத்தி, லேசர் புள்ளியை அதன்மேல் பாய்ச்சி அதிர்வை அளப்பது என் வேலை. உள்ளே பல் தேய்ந்திருந்தால் திரையில் ஓடும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அன்று இரண்டாம் எண்ணை நிறுத்தி மின்சாரத்தையும் துண்டித்திருந்தார்கள். இயந்திரங்கள் நிற்கும் உயரமான இரும்புத் தளத்திலேயே முக்காலியை நிறுத்தி, கருவியைச் சரிபார்க்க இரண்டாம் எண்ணின்மேல் புள்ளியை வைத்தேன். கோடு அசையாமல் படுத்துக்கிடந்திருக்க வேண்டும். நடுங்கியது.

அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்தார். “நிப்பாட்டுன மெஷின் எப்படிமா நடுங்கும்? எனக்கு மனசு சரியில்லலா,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர்தான், வேறென்ன. “மெஷின் ஆடலண்ணே. பக்கத்துல மூணாம் நம்பர் ஓடுதுல்ல, அதுல பிளாட்பாரம் ஆடுது. முக்காலியும் சேர்ந்து ஆடுது, அவ்ளோதான்.”

நான் சொன்னது சரி. அதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது. இரும்புத் தளத்தையே உலுக்கும் அளவுக்கு மூன்றாம் எண்ணுக்கு என்ன வந்தது என்று நான் கேட்கவே இல்லை. அண்ணன் என் பேச்சை நம்பி அதற்கு எண்ணெய் விடப் போனார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதன் கியர்பாக்ஸ் உடைந்து தெறித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார். பிறகு அன்று கருவியில் பதிவானதைத் திறந்து பார்த்தேன். விரிசல் விட்ட பல் ஒவ்வொரு சுற்றிலும் தட்டிய தட்டு, கோட்டில் அத்தனை தெளிவாக இருந்தது.

போன மாதம் மறுபடி அங்கே போனேன். பராமரிப்புக்காக ஆலை முழுவதும் நின்றிருந்தது. நடுப்பகலில் கூரைத் தகரத்தில் புறா நடப்பது கேட்டது. இந்தத் தடவை முக்காலியைக் கீழே சிமெண்டுத் தரையில் நிறுத்தி, புள்ளியை அந்த ரேகையின்மேல் வைத்தேன். கோடு நடுங்கியது. கேபிளை மாற்றினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அன்று மூன்றாம் எண்ணின் பல் தட்டிய அதே தட்டு, அதே இடைவெளியில்.

மேலே புது ஃபிட்டர் அதே இரண்டாம் எண்ணின் கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே கைவிடக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். “எறங்குங்க. மொதல்ல எறங்கி வாங்க,” என்றேன். ஏன் என்று கேட்டார். மெஷின் நடுங்குகிறது என்றேன். அவர் நின்றுகிடந்த இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அன்று நான் சிரித்த அதே சிரிப்பு.

மேற்கொண்டு ஒரு காரணமும் சொல்லாமல் ஏறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் தரையில் கால் வைத்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். கோடு படுத்துக்கிடந்தது.