இரண்டு துண்டும் தெரிந்த பால்

மருந்தை உடைத்து, உடைந்த துண்டுகளை வைத்து அது என்ன மருந்து என்று சொல்வதுதான் என் வேலை. எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து, நகரத்து வேலைக்கு நின்றுகொண்டே போய், புரொபேஷன் முடியுமா முடியாதா என்ற பயத்தோடு இறங்குகிற உங்களுக்கு என் பயம் ஒன்றும் புதிதாக இருக்காது. முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பாலைச் சோதிக்கும் எங்கள் லேபுக்குச் சாம்பிள் வண்டி ஓட்டும் மணி அண்ணன் சொன்னது.

தனிக் கேன்

பூதிகோட்டைப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு மையம். ரத்னம்மா என்பவரின் மாட்டுக்கு மடிவீக்கம் வந்து, அமாக்ஸிசிலின் ஊசி போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன நாள்வரை பாலைக் கொட்டிவிட்டு அன்றுதான் மறுபடி கொண்டுவந்தார். மையத்தின் செயலாளர் நம்பவில்லை. ஒரு கேனில் மருந்து இருந்தால் ஊர்ப் பால் முழுவதும் பால் பண்ணையிலிருந்து திரும்பி வந்துவிடும். ரத்னம்மாவின் பாலை மட்டும் தனியாக நிறுத்தி, ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்தார். மருந்து தெரிந்தால் இனி அவரிடம் பால் வாங்குவதில்லை என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். ரத்னம்மா தெலுங்கில் கத்தியதில் பாதியைத்தான் மணி அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்: "கன்னுக்குட்டிக்குக்கூட குடுக்கல, குழி தோண்டி ஊத்தினேன். எடுத்துனு போங்க, நல்லா பாருங்க."

பக்கத்து மேசை மிரட்டல்

துகள்களின் எடையை அளக்கும் எங்கள் கருவிக்குள் அமாக்ஸிசிலின் போகும்போது அதன் எடை எண் 366. உள்ளே வாயுவோடு மோதவிட்டால் உடையும். அம்மோனியா கழன்றால் மிச்சம் 349. இன்னும் நொறுங்கினால் 114 என்று ஒரு சின்னத் துண்டு. 366 உள்ள வேறு பொருளும் பாலில் இருக்கலாம் என்பதால் இரண்டு துண்டும் தெரிய வேண்டும். நாங்களே மருந்து கலந்து வைக்கும் ஸ்டாண்டர்டில் அவை எந்த விகிதத்தில் வருமோ, அதே விகிதத்திலும் வர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 349-ஐ மட்டும் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்று எழுதப் போனேன். பக்கத்து மேசை பிரான்சிஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாமா திவ்யா, ஒரு துண்டை வெச்சினு கையெழுத்துப் போடுவியா? மருந்து ஒடையுதோ இல்லியோ, மேடம் உன்னை ஒடைச்சிடுவாங்க."

பன்னிரண்டாம் குப்பி

அன்றைய வரிசையில் ரத்னம்மாவின் பால் பன்னிரண்டாம் குப்பி. திரையில் 349 எழுந்தது. 114-ம் எழுந்தது. விகிதம் அச்சு அசல். மணி அண்ணன் வாசலில் நின்றபடி, செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டதாகச் சொன்னார். லேப் பொறுப்பாளரான மேடம் என் தோளுக்கு மேலே பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கு, ரிப்போர்ட் போடு" என்றார்.

ரிப்போர்ட்டில் என் பெயர் எழுதும் இடத்தில் கை நின்றது. திரையில் குப்பிகளின் வரிசையை மேலே தள்ளிப் பார்த்தேன். பதினோராவது குப்பி, இருப்பதிலேயே பலமான ஸ்டாண்டர்ட். அதற்குப் பின்னால், கருவியின் ஊசியும் குழாயும் சுத்தமாவதற்காக, மருந்தே இல்லாத வெற்றுக் குப்பி ஒன்றை வைப்போம். மணி அண்ணன் அவசரப்படுகிறாரே என்று இந்தப் பாலை முன்னால் நகர்த்தியபோது அந்த வெற்றுக் குப்பியை நான் விட்டிருந்தேன். விகிதம் ஏன் அவ்வளவு சரியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது: அது உண்மையான அமாக்ஸிசிலின்தான், ஆனால் மாட்டினுடையதாக இல்லாமல் என் ஸ்டாண்டர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேசவிருந்தார்கள். ஆனாலும் வெற்றுக் குப்பியை விட்டதை மேடத்திடம் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி ஓட்டு. உன் கன்ஃபர்மேஷனை அப்புறம் பேசிக்கலாம்."

மட்டமான கோடு

முதலில் மூன்று வெற்றுக் குப்பி. முதலாவதில் 349 லேசாகத் தலை நீட்டியது. அடுத்த இரண்டில் ஒன்றுமில்லை. பிறகு பால். அந்தச் சில நிமிடங்கள் நான் உட்காரவே இல்லை. 349-ம் 114-ம் எழாமல் கோடு மட்டமாகப் போய் முடிந்தது. கருவி தூங்கிவிட்டதோ என்று அதே பாலில் துளி மருந்து கலந்து ஓட்டினேன். இரண்டு துண்டும் உடனே வந்தன. பாலில் மருந்து இல்லை.

ரிப்போர்ட்டை மணி அண்ணன் கொண்டுபோனார். மறுநாள் வந்தவரிடம், ரத்னம்மா சந்தோஷப்பட்டாரா என்று கேட்டேன். செயலாளர் எதிரில் கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது இதுதானாம்: "நான் சொன்னதையே சொல்றதுக்கு அவ்ளோ பெரிய மிஷின் எதுக்கு?"

என் கன்ஃபர்மேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதற்குள் நான் செய்த பழைய ஓட்டங்கள் எல்லாவற்றையும் திறந்து சரிபார்த்துவிட்டேன், வேறு எதிலும் வெற்றுக் குப்பி விடுபடவில்லை, ஆக ஒரே ஒரு முறைதான் தவறியிருக்கிறேன், அதையும் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.