தாலிப் பொன்னுக்குப் பக்கத்தில் ஈயம்

பொன் வேலை செய்கிறவன் நெருப்புக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டான், ஈயத்துக்குப் பயப்படுவான். கடுகளவு ஈயம் கலந்தால் போதும், தங்கம் சுத்தியலின் கீழ் பிஸ்கட் மாதிரி உடையும். நானோ எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் குந்திய நாளிலிருந்து அப்படித்தான். கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிய பிறகு, பூட்டினேனா என்று பார்க்க மூன்று மாடி திரும்ப ஏறுவேன். அப்படிப்பட்ட என் கையில்தான் ஈயக்குண்டு அழுத்தும் இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு நோர்வேஜியப் பெண்மணி இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிழமையில் ஒருநாள் தன் பழங்காலத் துவக்கை எடுத்துக்கொண்டு குறிபார்த்துச் சுடுகிற சங்கத்துக்குப் போவார். அந்தத் துவக்குக்குப் பொருந்தும் குண்டு எந்தக் கடையிலும் இல்லையாம். சங்கத்தில் யாரோ ஒருவர் தன்னிடமிருந்த பழைய கையியந்திரத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். ஈயத் துண்டை உருக்கு அச்சுக்குள் வைத்துப் பிடியை இழுத்தால் குண்டு வடிவம் வரும். ஆனால் இரண்டு உறுப்புகள் இல்லை. ஒன்று, பிடியை உடலோடு சேர்க்கும் திருகாணி. மற்றது, அச்சுக்குள் இறுகின குண்டை வெளியே தள்ளும் ஊசி. ஊசி இல்லையென்றால் குண்டு உள்ளேயே கிடக்கும். ஒரேயோர் ஊசிக்காகத் தாங்கள் கடைசல் மெஷினை ஓட்டமாட்டோம் என்று இரண்டு வேலைத்தலங்களில் கைவிரித்துவிட்டார்கள். நான் முன்பு அவருடைய அறுந்த சங்கிலியை ஒட்டிக் கொடுத்திருந்தேன். அந்த நம்பிக்கையில் இரும்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

எனக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. தலையாட்டிவிட்டு, அவர் போனதும் கதவைப் பூட்டித் திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். இலங்கைத் தமிழன் வீட்டில் குண்டு செய்யும் மெஷின். யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்? அவருடைய அனுமதிப் பத்திரத்தையும் சங்க அட்டையையும் கேட்டு வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகும் மனைவியிடம் புலம்பினேன்.

"பொலிஸ் வந்தா வரட்டும்," என்றாள் அவள். "வந்தவை முதல் இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும். நீங்கள் உந்த இரும்பை என்ரை குசினிக்குள்ளை மட்டும் வைக்காதேங்கோ."

எங்கள் நகைக்கடைப் பட்டறைக்கும் ஈயத்தைக் கொண்டுபோக முடியாது. ஆகவே பல்கணியில் ஒரு கதிரையும் பழைய பலகையும் போட்டேன். அந்த வேலைக்கென்று தனி அரம், தனித் துணி, தனிச் சவர்க்காரம். வேலை முடிந்தால் முழங்கை வரை கழுவுவேன்.

திருகாணி முதலில் கிடைத்தது. அதன் புரி அங்குலக் கணக்கு. ஒஸ்லோக் கடைகளில் இருப்பதெல்லாம் மில்லிமீற்றர். குறொன்லாண்டில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பாகிஸ்தான் தையல்காரர் இருந்தார். அவருடைய கடை மூலையில் கால்மிதித் தையல் மெஷினின் இரும்புக் கால் ஒன்று பூச்சட்டி தாங்கிக்கொண்டு நின்றது. எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று குனிந்து பார்த்தேன். அதே புரி. நான் கேட்டதும் மனுசன் பூச்சட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத் தானே கழற்றித் தந்தார்.

ஊசிதான் ஆட்டி வைத்தது. பெண்மணி ஒரு கடதாசியில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குவரை அளவு எழுதித் தந்திருந்தார். அந்த அளவுக்குச் செய்த முதல் ஊசி ஓட்டைக்குள் பாதிவழியில் நின்றது. இரண்டாவது உள்ளே போனது, ஆனால் மென்மையான கம்பி, அழுத்தியதும் வளைந்தது. மூன்றாவதற்கு உடைந்த துளைப்பான் ஒன்றின் தண்டை எடுத்தேன். அப்போதுதான் யோசித்தேன், பழைய ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். கடதாசிக்கு அது எப்படித் தெரியும்? மகளின் நடன மேக்கப் பெட்டியிலிருந்து கண்மையை எடுத்து ஊசியில் பூசி உள்ளே விட்டு இழுத்தேன். மை உரசுப்பட்ட இடத்தில் மட்டும் அரத்தை வைத்தேன். திரும்பப் பூசி, திரும்ப இழுத்து, நாலு பின்னேரம் போனது. ஐந்தாம் நாள் ஊசி தன் பாரத்திலேயே சத்தமில்லாமல் இறங்கியது. நான் பல்கணியில் தனியாக நின்று சிரித்தேன். எதிர்க் கட்டடத்தில் உடுப்புக் காயப்போட்ட பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

இரண்டு உறுப்புகளையும் பூட்டி இயந்திரத்தைக் கீழே கொடுத்தாயிற்று. கை கழுவியாயிற்று. அரத்தை எறிந்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை ட்வெய்ட்டாவில் ஒரு வீட்டில் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் தாலிக்கான பவுண் காசை உருக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். பையில் பொன் உருக்கும் மண்கிண்ணமான மூசையையும் சாமான்களையும் வைத்துக்கொண்டு படியிறங்குகிறேன், கீழ்வீட்டுக் கதவு திறக்கிறது.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பிடியை ஒருதரம் இழுத்தார். ஊசி எழும்பியது, பளபளவென்று ஒரு குண்டு வெளியே வந்தது. அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், முதல் பல் முளைத்த பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற தாய்மாதிரி. அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டு, முதல் குண்டு உனக்குத்தான் என்றார். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியுமா? பஸ்ஸும் வந்துவிட்டது.

ட்வெய்ட்டாவில் சபை நிறைந்திருந்தது. விளக்கு, கும்பம், தேங்காய் எல்லாம் தயார். புகை கண்டு கத்தும் மணியைத் துவாயால் கட்டி வைத்திருந்தார்கள். மூசையை முன்னால் வைத்துவிட்டு, பொன்னோடு தூவும் வெண்காரத்தை எடுக்கக் குனிந்தேன். டக்கென்று ஒரு சத்தம். ஈயக்குண்டு என் சட்டைப் பையிலிருந்து நேரே மூசைக்குள் விழுந்திருந்தது.

உள்ளங்கையால் பொத்தினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் எனக்கு நேர் எதிரே இருந்தார்.

"என்ன பத்தர், ஏதோ விழுந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை. வெண்காரக் கட்டி."

குண்டை வேட்டி மடிப்புக்குள் செருகினேன். வேறு மூசை கொண்டு வரவில்லை. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம். துடைத்தேன், திரும்பத் துடைத்தேன், வெறும் மூசையைச் சிவக்கச் சூடாக்கி மறுபடியும் துடைத்தேன். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். காசை வைத்துத் தீயைப் பிடித்தேன். பொன் உருகிச் சூரியன் மாதிரி உருண்டு நின்றது, சபை கும்பிட்டது. ஈயத்தின் ஒரு கீறல் கலந்திருந்தாலும் தாலி வெடிக்கும். வெடித்த தாலியை எந்தத் தாய்க்கு நீட்டுவேன்?

ஆறின பொன்னைத் தட்டில் வைத்து, தொட்டுக் கும்பிடச் சபைக்குக் கொடுக்கவேண்டியதுதான் முறை. நான் கொடுக்கவில்லை. சின்னப் பட்டடையை எடுத்து வைத்து, சுத்தியலால் மூன்று தரம் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பொன் மெல்ல விரிந்தது. விளிம்பில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"உது என்ன முறை பத்தர்?" என்றார் தாய்மாமன். "நான் ஒரு இடத்திலையும் காணேல்லை."

"பொன் சம்மதிக்குதோ எண்டு கேக்கிறது அண்ணை."

அவர் சற்று யோசித்தார். பிறகு சபைப் பக்கம் திரும்பி, ஓம், ஓம், அப்படி ஒன்று இருக்கிறதுதான், இந்தக் காலத்தில் ஒருத்தரும் செய்வதில்லை என்று விளக்கம் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த வருடம் வேறொரு வீட்டில் பொன்னை உருக்கித் தட்டில் வைத்தேன். யாரும் கை நீட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தர் அண்ணை, அந்த மூண்டு தட்டு?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "அவையின்ரை வீட்டிலை தட்டினனீங்களாம். எங்கடையும் சம்மதிக்குதோ எண்டு பாக்கத்தானே வேணும்."

தட்டினேன். அதற்குப் பிறகு தட்டாத வீடே இல்லை. ஒருநாள் வேறொரு பத்தர், என்னைவிட அனுபவம் கூடினவர், போன் எடுத்தார். ஒரு வீட்டில் தட்டச் சொல்கிறார்களாம், மூன்றா ஐந்தா என்று சந்தேகமாம். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னது அன்றுதான்.

மூன்று என்றேன்.