பனிமூட்டத்துக்கு மேலே

டிக்கெட் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பயண ஏஜென்சியில் இருபது வருடமாக உட்கார்ந்து, அடுத்தவர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை ஆளாக்குவதிலேயே காலம் ஓடிவிட்டது. அந்தத் தம்பி இப்போது வேறொரு நகரத்தில் உயரமான கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.

ஒருநாள் காலை அவனுடைய மேஸ்திரி போன் செய்தார்.

"அக்கா, தம்பி சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

"பேசுறானா?"

"நீங்க சீக்கிரம் வாங்கக்கா."

போனை வைத்துவிட்டு அவள் முதலாளியிடம் ஓடினாள். ரயிலில் போனால் ஒரு முழு நாள். விமானத்தில் இரண்டே மணி நேரம். முதலாளி மறுபேச்சில்லாமல் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

பெல்ட் மாட்டத் தெரியாமல் தடுமாறியவளுக்குப் பக்கத்து சீட்டிலிருந்த டயர் வியாபாரி மாட்டிக் காட்டினார். இரண்டு மணி நேரம் தாண்டியும் விமானம் இறங்கவில்லை. கீழே பாலைக் கொட்டிவிட்டது போலப் பனிமூட்டம்.

"ஊர் இன்னும் வரலையாங்க?"

"ஊருக்கு மேலதாம்மா சுத்திக்கிட்டு இருக்கோம். கீழ ஒண்ணும் தெரியலயாம்."

அவள் தவித்துப்போனாள். அந்தப் பக்கமாக வந்த பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி கீழ கெடக்கான். எப்படியாவது இறக்கச் சொல்லும்மா."

அந்தப் பெண்தான் என்ன செய்வாள், பாவம். கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள்.

கடைசியில் விமானம் வேறோர் ஊரில் போய் இறங்கியது. அங்கிருந்து ஆறு மணி நேரம் சாலைப் பயணம். டயர் வியாபாரி தான் பிடித்த காரிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டார். பனியில் வண்டி ஊர்ந்தது. மேஸ்திரி போனை எடுக்கவே இல்லை. மணி அடித்து ஓயும் ஒவ்வொரு தடவையும் அவள் மனசுக்குள் தம்பியைப் பறிகொடுத்தாள்.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"வேகமா போனா நாமளும் அதே ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்" என்றார் டிரைவர். வியாபாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். சட்டையெல்லாம் பெயின்டும் ரத்தமும்.

"உள்ள போன் கொண்டுபோக விடலக்கா. ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. கண்ணு முழிச்சுட்டான்."

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இனி உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. நடப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது. அவர்கிட்ட இன்னும் சொல்லல."

அவள் தலையாட்டினாள். நேராக வார்டுக்குள் போனாள். தம்பி அசைய முடியாமல் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"எப்பக்கா வந்த?"

"இப்பதாண்டா."

கால்மாட்டில் நின்றவள் போர்வைக்குள் கையை விட்டு அவனுடைய இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அவ்வளவு தள்ளி நிக்கற? பக்கத்துல வாக்கா" என்றான் அவன்.