சுத்தபோசனத்தன்று ஆட்டுத்தொடை

சட்டி மூடியின் மேல் கரியை ஒரு தடவை மாற்றி, பதினாறாவது துண்டை வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கோயிலிலிருந்து ஓடி வந்தாள். நடந்து அல்ல, ஓடி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோதுகூட ரயிலடிக்கு நிதானமாக நடந்து போனவள் அவள்.

"டேய், உள்ளே என்னடா வெச்சே?"

"ஆட்டுத்தொடை. நீதானே வாங்கச் சொன்னே?"

அம்மா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னிக்கு சுத்தபோசனம்டா, பாவி!"

கையிலிருந்த இடுக்கி நழுவி மணலில் விழுந்தது.

வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், அல்லாதவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். அது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பெரிய திருநாட்கள் சிலவற்றுக்கு முந்தின நாளும் அதே கட்டுப்பாடுதான். மறுநாள் ஞாயிறு, இஸ்பிரீத்து சாந்து திருநாள், பரிசுத்த ஆவி இறங்கிய நாள். ஆகவே சனிக்கிழமை சுத்தபோசனம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் வந்தது: பையனுக்கு லீவு குறைந்துவிட்டது, நாளைக்கே வருகிறோம் என்று. அம்மா, "சரி, எல்லாத்தையும் ஒரு நாள் முன்னாடி செஞ்சுடலாம்" என்றாள். எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னால் நகர்த்தினோம். பூ, வாழையிலை, பக்கத்து வீட்டு நாற்காலிகள், ஆட்டுத்தொடை. விடியற்காலையில் அம்மா பீடத்துக் குத்துவிளக்கு துலக்கப் போய்விட்டாள். அங்கே பெண்கள் பேசிக்கொண்டபோதுதான் அவளுக்குச் சுரீர் என்றிருக்கிறது.

மணி பத்தே முக்கால். அவர்கள் வருவது பன்னிரண்டரைக்கு.

சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குற்றம் அதனுடையது, மீதி என்னுடையது. யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடந்தபோது வாங்கியது. வார்ப்பு இரும்பு, மூன்று குட்டைக் கால்கள், அம்மிக்கல் கனம். மூடி தட்டையாக, சுற்றிலும் விளிம்பு கட்டியிருக்கும். அந்த விளிம்புக்குள் நெருப்புக் கரியை அடுக்கவேண்டும். கீழே எட்டுத் துண்டு, மேலே பதினாறு. மேலும் கீழும் அனல் பட்டு, தண்ணீரே விடாமல் கறி தன் சாற்றிலேயே வேகும். பட்டாளத்துக்காரன் திறந்தவெளியில் ரொட்டி சுடுவதே இதில்தான். நானும் எங்கள் கொல்லை மணலில் மூன்று தடவை ரொட்டி சுட்டேன். முதல் இரண்டும் காக்கைக்குப் போயின, மூன்றாவதைக் காக்கையும் தொடவில்லை. ஆனால் கறி மட்டும் அபாரமாக வந்தது. ஆகவே மாப்பிள்ளை வீட்டாருக்கு நான்தான் சமைப்பேன் என்று வீட்டில் வாய் கிழியப் பேசியிருந்தேன். அப்பா போய் ஆறு வருஷம். வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன். என் பேச்சு எடுபட்டது.

அக்கா கொல்லைக்கு வந்தாள். பாதி பின்னிய சடை, வாயில் ரிப்பன். அம்மா சொன்னதைக் கேட்டாள்.

அவளை ஏற்கெனவே இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. இரண்டும் நன்றாகச் சாப்பிட்டது. ஒன்று நிறம் மட்டு என்றது, இன்னொன்று பதிலே போடவில்லை. இதுதான் கடைசி, இனிமேல் யார் முன்னாலும் தட்டோடு வந்து நிற்கமாட்டேன், இதுவும் தவறினால் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வெறும் பேச்சு அல்ல. மடத்துத் தாயாருக்கு எழுதிய கடிதம், கவரில் போட்டு, விலாசம் எழுதி, அவள் செபப்புத்தகத்துக்குள் இருந்தது. நானே பார்த்தேன். மடத்துக்குப் போகிற ஜாதி இல்லை எங்கள் அக்கா. இந்தப் பையனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறாள். கையிலே என்ன புத்தகம் என்று அவன் கேட்டானாம், இவள் சொன்னாளாம். அவ்வளவுதான் நடந்தது. அதை என்னிடம் நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

பையனின் அப்பாதான் கண்டம். வேப்பேரியில் தலைமை ஆசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். சம்பந்தம் பேசப் போன ஒரு வீட்டில், செபம் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று இலையை விட்டு எழுந்து வந்தவர் என்று கேள்வி. அவர் இலையில் சுத்தபோசனத்தன்று ஆட்டுத்தொடை!

"மீன் கிடைக்குமா பாரு," என்றாள் அக்கா, ரிப்பனை வாயிலிருந்து எடுத்து. "ஓடு."

ஓடினேன். குப்பத்து மணலில் கட்டுமரமெல்லாம் ஏறி, வலையெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. கூடைகள் காலி. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் குடிசை வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, பதினோரு மணிக்கு மீன் கேட்டுக்கினு வர்ற? சுத்தபோசனம்னு காலீலயே ஊரே வந்து அள்ளிக்கினு பூட்ச்சு. உங்க வூட்ல காலண்டர் இல்லியா?"

"இருக்கு. பாக்கல."

"காலேஜ்ல அத்தெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க போல கீது."

கூடைக்குப் பின்னால் ஈரச்சாக்கு ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அத்த பாக்காத. அது எங்க வூட்டுக்கு."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா, மாப்பிள்ளை, ஆட்டுத்தொடை, மடம். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாரு, எம்பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குட்த்த டீச்சரா? இத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" சாக்கை உதறினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. "இந்தா. கண்ணாலத்துக்கு மட்டும் என்னிய கூப்டாம இருந்து பாரு, வந்து சட்டிய ஒட்ச்சுடுவேன்."

"அது இரும்புச் சட்டி."

"அப்போ ஒம் மண்டைய."

திரும்பி வந்தபோது அம்மா பாதி வெந்த தொடையை மண்சட்டிக்கு மாற்றி, உள்ளே கொண்டுபோய் மூடி வைத்திருந்தாள். ஆனால் வாசனையை எங்கே கொண்டுபோய் மூடுவது? கொல்லை, கூடம், வாசல்வரைக்கும் நெய்யும் பட்டையும் கொழுப்பும். அம்மா சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி போட்ட ஆட்டு வாசனை வந்தது.

சாம்பலும் புளியும் போட்டுச் சட்டியைத் தேய்த்தேன். வார்ப்பு இரும்பு கொழுப்பைக் குடிக்கும். வாங்கின நாளிலிருந்து நானேதான் கொழுப்பைத் தடவித் தடவிப் பழக்கியிருந்தேன், துரு பிடிக்காமல் இருக்க. இப்போது அது என்னிடமே திருப்பிக் காட்டியது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் உள்ளேயிருந்து ஆடு கத்துவதுபோல இருந்தது. கடைசியில் அடியில் வாழையிலையைப் பரப்பி, மசாலா தடவிய கொடுவாவை வளைத்து வைத்து, மேலே இன்னொரு இலை போட்டு மூடினேன். கீழே எட்டு, மேலே பதினாறு.

இந்தச் சட்டியில் ஒரு சங்கடம்: திறந்து பார்க்கக்கூடாது. மூடியைச் சாய்த்தால் சாம்பல் உள்ளே கொட்டும். வெந்ததா, கருகியதா, காதாலும் மூக்காலும்தான் தெரிந்துகொள்ளவேண்டும். என் மூக்கில் ஆட்டைத் தவிர ஒன்றும் ஏறவில்லை.

பன்னிரண்டு அடிப்பதற்குள் வாசலில் "தோத்திரம்" என்று குரல் கேட்டது. அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அப்பா, அம்மா, பையன். பையன் ஒல்லி, விழுப்புரத்தில் ரயில்வே குமாஸ்தா. கழுத்துப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். பெரியவர் நாற்காலியில் உட்காரவில்லை. மூக்கை ஒரு தரம் சுருக்கினார். "பின்னாடி ஏதோ புகையுதே," என்று நேரே கொல்லைக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி இது? மூடி மேலே நெருப்பு?"

சொன்னேன். எட்டு, பதினாறு, பட்டாளம், எல்லாம். அவர் குனிந்து சட்டியையே பார்த்தார். "உள்ளே என்ன?"

"மீன் சார். கொடுவா."

"ம்," என்றார். "மீன்." மறுபடி மூக்கைச் சுருக்கிவிட்டு உள்ளே போனார்.

செபம் சொன்னோம். இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாக யாரும் செபம் சொன்னதில்லை. மூடியைத் திறந்தேன். மீன் முழுசாக, பதமாக வெந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் தெருவுக்கே கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அக்கா பரிமாறினாள். பெரியவர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். கையை இலை ஓரத்தில் வைத்துவிட்டார்.

"இதுல ஆட்டு வாசனை வருதே."

அம்மாவின் கை செபமாலையைத் தேடியது. நான் ஒரு பொய்யை ரெடியாக வைத்திருந்தேன்: பக்கத்து வீட்டில் சமைக்கிறார்கள், அவர்கள் இந்துக்கள். நல்ல பொய். வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டு வாசனைதான்," என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிருந்ததை ஒரு நாள் முன்னாடி மாத்தினோம், சுத்தபோசனத்தை மறந்துட்டோம். கறி பாதி வெந்தப்புறம்தான் ஞாபகம் வந்தது. எடுத்துட்டு அதே சட்டியில மீன் வெச்சோம்."

பையன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

"இதைச் சொல்லணும்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் பெரியவர்.

"யாரும் சொல்லல. நீங்க கேட்டீங்க."

அவர் எழுந்துவிடுவார் என்று அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் அசையவில்லை. இன்னொரு துண்டு மீனை எடுத்தார், முள்ளைப் பிரித்தார், சாப்பிட்டார். இலையில் பாதி காலியானதும் நிமிர்ந்தார்.

"அந்தக் கறி இப்ப எங்க?"

"நாய்க்குப் போட்டுடறோம்," என்றாள் அம்மா அவசரமாக.

"நாய்க்கா? இந்த ரேஷன் காலத்திலேயா?" முதல் தடவையாக அம்மாவை நேராகப் பார்த்தார். "இவன் சாயங்கால வண்டிக்குப் போயிடுவான். நானும் இவன் அம்மாவும் நாளைக்குப் பூசை முடிச்சு இங்கேயே வர்றோம். தேதி கீதி எல்லாம் பேசணும். கெடாம பாத்துக்குங்க."

"அப்போ எனக்கு?" என்றான் பையன்.

"உனக்கு இந்த வீட்ல இனிமே எத்தனையோ நாள் இருக்கு. இப்ப மீனைத் தின்னு."

அக்கா மோர் எடுக்க உள்ளே போனாள். மோர் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

அவர்களை டிராமில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. வைகாசி மாதப் புழுக்கம், பாதி வெந்த கறி, விடிந்து பூசை முடியும்வரை தாங்கவேண்டும். கறியை இரும்புச் சட்டிக்கு மாற்றி, மறுபடி கரியைக் கொளுத்தினேன். இப்போது முழுசாக வேகவைத்துவிட்டு, அப்படியே மூடி, தணலில் போட்டுவைப்பதாகத் திட்டம். தெரு நாய்கள் இரண்டு வேலிப்பக்கம் உட்கார்ந்து என் திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அக்கா வந்து சட்டிக்கு எதிரே குந்தினாள். கையில் ஒரு கவர். மடத்து விலாசம் எழுதின கவர். அதைக்கொண்டே கீழ்க்கரியை விசிற ஆரம்பித்தாள், விசிறி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க.

வெந்திருக்குமா என்று சந்தேகம் வந்து இடுக்கியை மூடிப்பக்கம் கொண்டுபோனேன்.

"தொடாதே," என்றாள், விசிறுவதை நிறுத்தாமல். "சாம்பல் கொட்டிடும்."